கையெழுத்துப் போடும் முன்: லாஸ் ஏஞ்சல்ஸில் கார் இல்லாமல்

வாசலிலேயே பஸ் ஸ்டாப் என்றார் வீட்டைக் காட்டிய மேனேஜர். பொய் சொல்லவில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஒரு கம்பம், அதில் ஒரு நம்பர், பக்கத்தில் ஒரு பெஞ்சு. அன்றைக்கே ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த ஸ்டாப்பில் பஸ் மணிக்கு ஒன்றுதான், இரவு ஏழுக்கு மேல் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை அறவே கிடையாது. இதெல்லாம் எனக்கு உறைத்தது குடிவந்த முதல் ஞாயிறன்று, பால் வாங்கக் கிளம்பி அந்தப் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது. இன்னும் ஐம்பத்தொரு வாரம் பாக்கி.

எந்த பஸ், எந்த கார்டு, எவ்வளவு காசு என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த அத்தியாயத்தைப் புரட்டியிருப்பீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் இந்த ஊரில் கார் இல்லாமல் காலம் தள்ள முடியுமா என்பது நீங்கள் வீடு எடுக்கும் நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. நல்ல இடத்தில் வீடு கிடைத்தவருக்கு மற்றதெல்லாம் பழக்கம். தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு எந்த ஆப்பும் உதவாது.

ஊர் எவ்வளவு பெரிது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் மட்டும் ஏறத்தாழ 1,200. அதில் இருப்பவர்கள் நாற்பது லட்சத்துக்கும் குறைவு. சுற்றியுள்ள கவுண்டியில் 88 நகரங்கள், ஒரு கோடிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே மக்கள். சான்டா மோனிகாவும் பசடீனாவும் லாங் பீச்சும் சட்டப்படி தனித்தனி ஊர்கள். ஆனால் எல்லை எங்கே முடிகிறது என்று தெருவில் நடப்பவருக்குத் தெரியாது. தனி வீடு, முன்னால் புல்தரை, பக்கத்தில் கார் கொட்டகை என்று குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதி பரந்து கிடக்கிறது. மனிதர்கள் இப்படிப் பரவிக் கிடந்தால் பஸ்ஸை எங்கே விடுவது?

ஆரம்பத்தில் இப்படி இல்லை. ‘பசிபிக் எலக்ட்ரிக்’ நிறுவனத்தின் சிவப்பு டிராம்கள் ஒரு காலத்தில் 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தண்டவாளத்தில் இந்த வட்டாரம் முழுக்க ஓடின. ஊர் இவ்வளவு அகலமாக வளர்ந்ததற்கே அவை ஒரு காரணம். பிறகு கார் வந்தது, ஃப்ரீவே வந்தது. லாங் பீச்சுக்குப் போன கடைசிச் சிவப்பு வண்டி 1961இல் நின்றது. நகருக்குள் ஓடிய டிராமும் 1963இல் போயிற்று. 1990இல் மெட்ரோ ரயிலின் முதல் பாதை திறந்தபோது அது போன இடமும் லாங் பீச்தான், பெரும்பாலும் அதே பழைய தடத்தில். இன்றைக்கு அதற்கு ‘ஏ’ பாதை என்று பெயர்.

வீடு தேடுகிறவருக்கு இந்தப் பழங்கதையில் காரியம் இருக்கிறது. டிராம் காலத்தில் உருவான பகுதிகளில் தெருக்கள் நேராக, கட்டம் கட்டமாக ஓடும். மூலைக்கு மூலை கடை இருக்கும். பெரிய தெருவில் பஸ் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். ஃப்ரீவேக்குப் பிறகு கட்டிய பகுதிகளில் தெரு பாம்பு மாதிரி வளைந்து கடைசியில் முட்டுச்சந்தில் முடியும். வரைபடத்தில் கடை பின்புறச் சுவருக்கு அப்பால்தான் இருக்கும், நடந்தால் இரண்டு கிலோமீட்டர். அதனால் வாடகை விளம்பரத்தில் சமையலறைப் படத்தைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைத் திறந்து தெருவின் வடிவத்தைப் பாருங்கள். வளைந்த தெருவென்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.

ஸ்டாப்பைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்

இங்கே ‘மெட்ரோ’ என்றால் ரயில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ரயிலையும் ஆரஞ்சு நிற பஸ்களையும் ஒரே நிறுவனம்தான் ஓட்டுகிறது. ரயில் வரைபடத்தை வைத்து வீடு தேடுவது நம்மவர்கள் செய்யும் முதல் தப்பு. ரயில் போகாத ஆயிரம் இடங்களுக்கு பஸ் போகிறது. ஆனால் எல்லா பஸ்ஸும் ஒன்றில்லை. பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் பஸ்ஸுக்கு நேரம் பார்க்கத் தேவையில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். அரைமணிக்கு ஒன்று என்றால் உங்கள் வாழ்க்கையே அதன் கால அட்டவணைப்படிதான். மணிக்கு ஒன்று என்றால் அது பஸ்ஸே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பஸ் போதாது. கிழக்கு மேற்காக ஒன்று, வடக்கு தெற்காக ஒன்று, இரண்டும் அடிக்கடி வருவதாக, குறுக்கே வெட்டிக்கொள்ளும் முனைக்குப் பக்கத்தில் வீடு வேண்டும். அப்போதுதான் ஊர் நான்கு திசையிலும் திறக்கும். இதற்கு நம்பரே வழிகாட்டும். 100க்குக் கீழே உள்ள நம்பர் டவுன்டவுனைத் தொடும். 100களில் இருப்பவை டவுன்டவுன் பக்கம் போகாமல் கிழக்கு மேற்காக ஓடுபவை. 200கள் வடக்கு தெற்கு. 700கள் குறைந்த ஸ்டாப்புகளில் மட்டும் நிற்கும் ‘ரேப்பிட்’. 600கள் பெரும்பாலும் ஒரு பேட்டைக்குள்ளேயே சுற்றும் குட்டி வழித்தடங்கள். வில்ஷயர் பூலவார்டில் 20, 720. வெனிஸ் பூலவார்டில் 33. வெர்மான்ட் அவென்யூவில் 204, 754. இந்தத் தெருக்களின் பெயர் விளம்பரத்தில் வந்தால் நின்று படியுங்கள்.

மாறிப் போவதற்கும் ஒரு கணக்கு உண்டு. வீட்டிலிருந்து ஏறும் முதல் பஸ் கொஞ்சம் அபூர்வமாக வந்தாலும் சமாளிக்கலாம். அது வரும் நேரத்துக்கு நீங்கள் இறங்கிப் போனால் போயிற்று. நடுவழியில் மாறும் இரண்டாவது பஸ் அடிக்கடி வருவதாக இருந்தே ஆக வேண்டும். முதல் வண்டி ஐந்து நிமிடம் தாமதமாகி, இரண்டாவது கண்முன்னே போய்விட்டால் அடுத்தது எப்போது என்பதுதான் கேள்வி.

கையெழுத்துக்கு முன் இரண்டு முறை போய்ப் பாருங்கள். வேலைநாள் காலையில் வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் அல்லது கல்லூரி வாசல் வரை ஒரு முறை. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் திரும்பி வருவது ஒரு முறை. இரண்டாவதுதான் உண்மையைச் சொல்லும். பஸ் எவ்வளவு நேரம் கழித்து வந்தது, இறங்கிய பிறகு வீடு வரை நடக்கும் தூரத்தில் விளக்கு எரிகிறதா, மனித நடமாட்டம் இருக்கிறதா என்பதெல்லாம் பகலில் தெரியாது.

எந்தப் பேட்டை என்று கேட்டால், என் கையில் இருக்கும் பட்டியல் சின்னது. கொரியாடவுன் முதலிடம்: வில்ஷயரின் அடியில் ரயில், மேலே பஸ், நடக்கும் தூரத்தில் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் கடைகள். சத்தம் பிடிக்காதவர்களுக்கு அது வேண்டாம். டவுன்டவுனில் ‘செவன்த் ஸ்ட்ரீட் மெட்ரோ சென்டர்’ பக்கம் நான்கு ரயில் பாதைகள் சந்திக்கின்றன. யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்களுக்கு ‘இ’ பாதை ரயில் கல்லூரி வாசலிலேயே நிற்கிறது. அதே பாதையில் மேற்கே பாம்ஸ், கல்வர் சிட்டி, கடைசியில் சான்டா மோனிகா கடற்கரை. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் வேலையென்றால் நார்த் ஹாலிவுட்: மலைக்கு அடியில் நுழைந்து வரும் ‘பி’ ரயிலும், தனித் தடத்தில் மேற்கே ஓடும் ‘ஜி’ பஸ்ஸும் அங்கே சந்திக்கின்றன. பசடீனாவும் லாங் பீச்சின் மையப் பகுதியும் அமைதியானவை, ‘ஏ’ பாதையின் மேல் இருப்பவை. போர்ட்டர் ரேஞ்ச், கலபாசஸ் போன்ற மலையோரப் பகுதிகளில் நல்ல பள்ளிகள் இருக்கின்றன, தெரிந்த தமிழ்க் குடும்பமும் இருக்கலாம். கார் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

காசு

நல்ல முனையில் வாடகை கூடுதல்தானே என்பீர்கள். கூடுதல்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏ.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2024இல் சொன்ன கணக்குப்படி ஒரு புதுக் காரை வைத்து ஓட்ட ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் ஆகிறது: கடன் வட்டி, இன்சூரன்ஸ், பெட்ரோல், தேய்மானம் எல்லாம் சேர்த்து. மாதம் ஆயிரம் டாலர். பழைய காரென்றால் குறையும். ஆனால் பாதி ஆனால்கூட, மாதம் நானூறு டாலர் கூடுதல் வாடகை கொடுத்து 720 ஓடும் தெருவில் இருப்பவருக்கு லாபம்தான். புதிய கட்டடங்கள் பலவற்றில் பார்க்கிங்குக்குத் தனி வாடகை. அது வேண்டாம், கழித்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்குத் தானாகக் கழித்துத் தர மாட்டார்கள்.

பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே கட்டணம், 1.75 டாலர். எவ்வளவு தூரம் என்ற கணக்கே இல்லை. ‘டேப்’ கார்டு இரண்டு டாலர்; அதைத் தட்டி ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே திசையில் மாறிப் போகக் காசு கிடையாது. ரொக்கமாகப் போட்டால் இந்தச் சலுகையும் இல்லை, பாக்கிச் சில்லறையும் இல்லை. ஒரு நாளில் ஐந்து டாலருக்கு மேல், ஏழு நாளில் 18 டாலருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை போகவும் வரவுமாக 17.50 ஆகிவிடும், சனிக்கிழமை ஐம்பது காசு பிடித்துக்கொண்டு மிச்ச வாரம் சும்மா. கொண்டாடுங்கள். ஆண்டு முழுக்கப் போனாலும் 936 டாலர்தான். மாணவராக இருந்தால் கல்லூரியில் சலுகைக் கார்டு உண்டா என்று விசாரியுங்கள். 62 வயதானவர்களுக்குத் தனிச் சலுகைக் கார்டு இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா நீண்ட நாள் தங்க வந்தால் முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். சான்டா மோனிகாவின் நீல பஸ், கல்வர் சிட்டியின் பச்சை பஸ் ஆகியவை வேறு நிறுவனங்கள். அதே கார்டு அங்கேயும் செல்லும். உச்சவரம்புக் கணக்கு மட்டும் மெட்ரோவோடு சரி.

ஸ்டாப்பில், பஸ்ஸில், தெருவில்

திருச்சியிலிருந்து அப்பா வந்திருந்தார். வெனிஸ் பூலவார்டில் 33 வருவதைப் பார்த்ததும் ரோட்டோரத்துக்குப் போய் கையை முழுசாக நீட்டி ஆட்டினார், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டவுன் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. “அப்பா, இங்க அதெல்லாம் வேண்டாம்” என்று கையைப் பிடித்து இழுத்தேன். தப்பு என் பேரில். ஒரே கம்பத்தில் நான்கைந்து பஸ் நிற்கும் ஊர் இது. நீங்கள் போனைப் பார்த்தபடி நின்றால், வேறு பஸ்ஸுக்காக நிற்கிறார் என்று ஓட்டுநர் போய்க்கொண்டே இருப்பார். கையை ஆட்டுங்கள். இருட்டில் போன் விளக்கைக் காட்டுங்கள்.

ஏறியதும் அவர் சுற்றிலும் பார்த்தார். “ஏம்மா, கண்டக்டரே இல்லையா?” இல்லை. ஜன்னலோரமாக மஞ்சள் கயிறு ஓடும். இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு முன்னால் அதை இழுக்க வேண்டும். அப்பா நம் ஊர் வழக்கப்படி ஒரு ஸ்டாப் முன்னதாகவே எழுந்து கதவருகே போய் நின்றார். ஓட்டுநர் மைக்கில், வண்டி நின்ற பிறகு எழுந்தால் போதும், அவசரமில்லை என்றார். முதியவர்களுக்கு இதைச் சொல்லி அழைத்து வாருங்கள். பின்கதவு தானாகத் திறக்காது. மேலே பச்சை விளக்கு எரிந்ததும் கையால் தொட்டுத் தள்ள வேண்டும். விளக்கு எரியாவிட்டால் “பேக் டோர்!” என்று ஒரு குரல் கொடுத்தால் ஓட்டுநர் திறப்பார். அப்பா “ஹோல்டான்!” என்று கத்தினார். அதற்கும் திறந்தது.

ஸ்டாப்பில் நிழல் இருக்கும் என்று நம்பாதீர்கள். பாதிக்கு மேற்பட்ட கஷ்டம் அங்கேதான். பல ஸ்டாப்புகளில் கம்பத்தைத் தவிர ஒன்றுமில்லை. 2023 மே மாதம் வெஸ்ட்லேக் பகுதியில் ‘லா சொம்ப்ரீத்தா’ என்று ஒன்றை நகராட்சி அறிமுகம் செய்தது. ஸ்பானிய மொழியில் குட்டி நிழல் என்று பொருள். கம்பத்தில் மாட்டிய, ஓட்டை போட்ட, ஆளைவிடக் குறுகலான ஒரு தகடு. ஊரே சிரித்தது. பள்ளத்தாக்குப் பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். குடை எடுத்துக்கொண்டு போங்கள். வெயிலுக்குக் குடை பிடிப்பவரை இங்கே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நேரம் காட்டும் ஆப்பை வைத்துக்கொண்டு கடையோர நிழலில் நின்று, இரண்டு நிமிடம் இருக்கையில் ஸ்டாப்புக்கு வருவது இன்னும் நல்லது.

சாலையைக் கடக்கும்போது நம் கண் பழக்கம் நம்மை ஏமாற்றும். வாகனங்கள் வலப்பக்கமாக ஓடும் ஊர். முதலில் இடது பக்கம் பாருங்கள். அதைவிட ஆபத்து, சிவப்பு விளக்கிலும் வலது பக்கம் திரும்ப அனுமதி இருப்பது. அப்படித் திரும்புகிற ஓட்டுநர் தன் இடது பக்கம் வரும் கார்களையே பார்த்துக்கொண்டிருப்பார். வலது பக்கம் நடைபாதையிலிருந்து இறங்கும் நீங்கள் அவர் கண்ணில் படவே மாட்டீர்கள். அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பும்வரை காலை இறக்காதீர்கள். சிக்னல் கம்பத்தில் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், இல்லாவிட்டால் சில முனைகளில் நடப்பவருக்கான விளக்கு வராமலே போகும். உடனடி ஆபத்து இல்லாதபோது குறுக்கே கடந்ததற்காக அபராதம் போடுவதை 2023 ஜனவரி முதல் மாநிலச் சட்டம் நிறுத்திவிட்டது. ஆறு வரிசை வாகனங்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

ரயிலில் சில நேரம் போதையில் இருப்பவர்கள், வீடில்லாதவர்கள் படுத்திருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. இரவில் முதல் பெட்டியில், ஓட்டுநருக்குப் பக்கமாக ஏறுங்கள். பெட்டி சரியில்லை என்று தோன்றினால் அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறுங்கள். நள்ளிரவு வாக்கில் ரயில் நின்றுவிடும். பெரிய தெருக்கள் சிலவற்றில் மட்டும் பஸ் விடிய விடிய ஓடும்.

அரிசி மூட்டை

இருபது பவுண்டு அரிசியோடு பஸ் ஏறுவது ஒரு முறை வீரம், இரண்டாம் முறை முட்டாள்தனம். மடக்கக்கூடிய இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வாங்குங்கள். இங்கே பாட்டிகள் எல்லோரும் இழுத்துக்கொண்டு போவது. அரிசி, பருப்பு, எண்ணெய் போன்ற கனமானவற்றை மாதம் ஒருமுறை வீட்டுக்கே வரவழைத்துவிட்டு, காய்கறியையும் கறிவேப்பிலையையும் மட்டும் கையில் வாங்கி வாருங்கள். ஆர்ட்டீசியாவின் பயனியர் பூலவார்டில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. டவுன்டவுனிலிருந்து முப்பது கிலோமீட்டர் போல, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். புடவை, நகை, விருந்துக்கென்றால் போகலாம். கொத்தமல்லிக்காகப் போக முடியாது. மேற்குப் பக்கம் இருப்பவர்களுக்கு பாம்ஸ், கல்வர் சிட்டி ஒட்டி வெனிஸ் பூலவார்டிலேயே மளிகை கிடைக்கிறது.

கோயிலும் விருந்தும்

கலபாசஸ் மலைப்பாதையில் இருக்கும் வெங்கடேஸ்வரர் கோயில் வாசலில் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை. தமிழ்ச் சங்க விழா எங்கோ ஒரு பள்ளி அரங்கத்தில். பிறந்தநாள் விருந்து செரிட்டோஸில். இங்கேதான் கார் இல்லாதவர் கூசிப்போகிறார், “ரைடு தர முடியுமா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டு. கேட்கும் முறையில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். ரைடு தருபவர் போகும் வழியில் இருக்கும் ரயில் நிலையத்துக்கு நீங்கள் போய் நில்லுங்கள். அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வளைசல் இருக்கக் கூடாது. வாரம் முழுக்க நீங்கள் மிச்சம் பிடித்த காசில் பெட்ரோலுக்கோ சாப்பாட்டுக்கோ கொடுத்துவிடுங்கள், அவர் வேண்டாம் என்றாலும். மாதத்துக்கு ஐந்தாறு முறை ஊபரில் போவதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். அதையும் பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ஓட்டுநரே இல்லாத வேமோ காரும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. என் அம்மா அதில் ஏற மறுத்துவிட்டார்.

விமான நிலையத்துக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2025 ஜூனில் திறந்த மெட்ரோ நிலையத்தில் ‘கே’, ‘சி’ ரயில்கள் நிற்கின்றன. அங்கிருந்து முனையங்களுக்கு இலவச பஸ். பெட்டி கனமென்றால் யூனியன் ஸ்டேஷனிலிருந்து நேராகப் போகும் ‘ஃப்ளைஅவே’ பஸ் சௌகரியம்.

ஒரு சின்ன விஷயம், பலர் மறப்பது. கார் ஓட்டாதவருக்கும் டி.எம்.வி. எனப்படும் மோட்டார் வாகனத் துறை அலுவலகம் மாநில அடையாள அட்டை தருகிறது. அது இல்லாமல் எங்கே போனாலும் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். குறிப்பாகத் துணைவர் விசாவில் வந்து வீட்டில் இருப்பவர்கள் முதல் மாதமே வாங்கிவிடுங்கள்.

எப்போது கார் வாங்குவது

இரவுப் பணி, ஒதுக்குப்புறமான வேலையிடம், இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு பள்ளி, அடிக்கடி மருத்துவமனை போக வேண்டிய பெரியவர்: இவற்றில் ஒன்று இருந்தாலும் பிடிவாதம் வேண்டாம். ஆனால் நம் குடும்பங்களில் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று இரண்டு கார் ஒரே ஆண்டில் வந்துவிடுகிறது. முதல் காருக்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவதற்கு, பக்கத்து வீட்டில் இரண்டு இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணத்தை நான் அதிகம் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மதுரைத் தம்பதி பசடீனாவில் ரயில் நிலையத்துக்குப் பக்கம் வீடு எடுத்தார்கள். கணவருக்கு வேலை ரயில் போகாத ஊரில், கார் அவரிடம். அந்த அக்கா ‘ஏ’ ரயிலில் டவுன்டவுனுக்குப் போகிறார், வழியில் தூங்குகிறார். வீட்டோடு வந்த இரண்டாவது பார்க்கிங் இடத்தை, மேனேஜரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, மேல்வீட்டுக்காரருக்கு மாத வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.